பினாங்கின் மூச்சுக் கணக்கு

பினாங்குத் தீவில் டுரியானுக்கு ஒரு பருவம் உண்டு. மழைக்கு ஒரு பருவம் உண்டு. இரண்டுக்கும் நடுவே முகமூடிக்கும் ஒரு பருவம் உண்டு என்றுதான் இன்றைய பிள்ளைகள் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. பிறந்ததிலிருந்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆகஸ்டு, செப்டம்பர் வந்தால் வானம் சாம்பல் நிறமாவதையும், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு நேரம் ரத்தாவதையும் பார்த்தே வளர்ந்தவர்கள் அவர்கள். வாராவாரம் நடக்கும் சங்கதி இல்லை என்பதால் யாரும் கலவரப்படுவதும் இல்லை. "ஜெரெபு வந்திருக்கிறது" என்று மலாயில் ஒரு வார்த்தை, "புகைமூட்டம்" என்று தமிழில் ஒரு வார்த்தை. மழை வந்திருக்கிறது என்று சொல்வது போலவே சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

புகைமூட்டம் எவ்வளவு கனம் என்பதை அளக்க ஜார்ஜ்டவுன்வாசிகளுக்குக் கருவி தேவைப்பட்டதில்லை. படகுத்துறையில் நின்றால் எதிரே பட்டர்வொர்த் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். 65 மாடிக் கொம்தார் கட்டடத்தின் உச்சி இருக்கிறதா, தண்ணீர்மலை முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினால் கடல் கண்ணில் படுகிறதா, 833 மீட்டர் உயரமுள்ள பினாங்குக் கொடிமலை இருக்கும் இடத்தில் மலை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மலை காணாமல் போனால் அன்று ஆஸ்துமா உள்ள பிள்ளையை வெளியே விட மாட்டார்கள்.

ஆனால் கண்ணால் பார்ப்பது ஒன்று, கணக்காகத் தெரிவது வேறொன்று. இந்த நாட்டில் புகைமூட்டத்தின் வரலாறு என்பது பெருமளவுக்கு ஓர் எண்ணின் வரலாறுதான். மக்கள் சுவாசிக்கும் காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்லும் அந்த எண், சில ஆண்டுகள் மக்களுக்கே சொல்லப்படாமல் இருந்தது.

தாது வருடத்து வெயில்

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக் கொள்ள வேண்டும். இது இயற்கையின் பருவமா, இல்லையா?

வறட்சி இயற்கைதான். பசிபிக் கடலின் நீர் வழக்கத்தை மீறிச் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் சுமத்ரா, போர்னியோ பக்கம் மழை பொய்த்துவிடும். இது நேற்று இன்று தொடங்கியதல்ல. தமிழ்நாட்டில் இன்றும் பேசப்படும் தாது வருடத்துப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சுடுகாடாக்கிய அந்தப் பஞ்சம், வரலாற்றிலேயே மிக வலுவான எல் நினோக்களில் ஒன்றோடு சேர்ந்து வந்தது. அதே வறட்சி போர்னியோவையும் விடவில்லை. அந்தக் காலத்தில் அங்கே பயணம் செய்த நார்வேக்காரர் கார்ல் பாக், காட்டு மரங்கள் காய்ந்து பட்டுப்போய் நின்றதை எழுதி வைத்திருக்கிறார். ஒரே வெயில் அங்கே மரத்தையும் இங்கே மனிதனையும் காய வைத்தது. பசி தாங்காமல் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் பினாங்குத் துறைமுகத்தில் இறங்கி, எதிர்க்கரையிலிருந்த புரோவின்ஸ் வெல்லெஸ்லியின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள்.

இன்னும் சிலர் நீரிணையையும் தாண்டி, டச்சுக்காரர்கள் புகையிலை பயிரிட்ட சுமத்ராவின் டெலி பகுதிக்குப் போனார்கள். மேடான் நகரில் 1884ல் எழுந்த மாரியம்மன் கோயில் அவர்களின் அடையாளமாக இன்றும் நிற்கிறது. காட்டை வெட்டி, காய வைத்து, கொளுத்தித் தோட்டம் போடுவது அக்காலத்துத் தோட்டத் தொழிலின் அரிச்சுவடி. அக்கரையிலும் இக்கரையிலும் அந்த நெருப்பை மூட்டிய கைகளில் தமிழர் கைகளும் உண்டு.

அப்படியானால் புகை அப்போதே வந்திருக்க வேண்டாமா? வந்திருக்கும், ஆனால் இந்த அளவுக்கு அல்ல. சுமத்ரா, கலிமந்தான் விமான நிலையங்களில் எவ்வளவு தூரம் வரை கண்ணுக்குத் தெரிகிறது என்று 1960 முதல் நாள்தோறும் குறித்து வைத்த ஏடுகளை ஆராய்ந்து 2009ல் விஞ்ஞானிகள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சுமத்ராவில் 1960களிலேயே வறட்சி வந்தால் புகையும் வந்தது. கலிமந்தானிலோ அப்போது வறட்சி வந்தும் பெரிய புகை எழவில்லை. 1980களுக்குப் பிறகே அங்கும் எழத் தொடங்கியது. வானம் மாறவில்லை. நிலத்தில் குடியேற்றமும் தோட்டமும் கால்வாயும் வந்துவிட்டன. பருவம் என்று பழகிப்போன ஒன்றுக்குப் பிறந்த தேதி இருக்கிறது என்பதுதான் இதன் பொருள்.

மண்ணுக்குள் கனிவது

நெருப்பில்லாமல் புகையாது என்பது நம் பழமொழி. சுமத்ராவில் அந்த நெருப்பு கண்ணுக்குத் தெரியாமலே மாதக்கணக்கில் புகையும்.

காரணம் மலாய்க்காரர்கள் கம்புட் என்று சொல்லும் சதுப்பு மண். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விழுந்த இலையும் கிளையும் வேரும் தண்ணீரில் மூழ்கியே கிடந்ததால் மக்கிப் போகாமல் அடுக்கடுக்காகச் சேர்ந்தது அது. சில இடங்களில் பத்து மீட்டருக்கும் அதிக ஆழம். தண்ணீரில் ஊறியிருக்கும் வரை அதை யாராலும் கொளுத்த முடியாது. செம்பனையும் காகிதத்துக்கான மரமும் நடுவதற்காகக் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால், மிச்சமிருப்பது மண் அல்ல, விறகு. மேலே வைத்த தீ உள்ளே இறங்கிவிடும். காற்று குறைவாகக் கிடைப்பதால் கொழுந்துவிட்டு எரியாமல் கனிந்து கொண்டே இருக்கும். அரைகுறையாக எரிவதுதான் அதிகப் புகையைத் தரும் என்பது ஈர விறகை ஊதி அடுப்பெரித்த எல்லோருக்கும் தெரியும். தீயணைப்பு வண்டியின் தண்ணீர் அதற்குப் போதாது. பெருமழை பெய்து நிலம் மறுபடி ஊறினால்தான் அணையும்.

இந்தோனேசியாவின் அதிபர் சுகார்த்தோ 1995ல் மத்திய கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டர் சதுப்பு நிலத்தை நெல் வயலாக்க உத்தரவிட்டார். நாலாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கால்வாய் வெட்டினார்கள். சதுப்பு வடிந்தது, நெல் விளையவில்லை. 1999ல் திட்டம் கைவிடப்பட்டது. அதற்குள் 1997 வந்துவிட்டது.

பினாங்குக்கு வரும் புகையில் பெரும்பகுதி சுமத்ராவிலிருந்து வருவது. மலாக்கா நீரிணை ஒரு நீண்ட சந்து போன்றது. ஒரு பக்கம் சுமத்ராவின் பாரிசான் மலைத்தொடர், மறுபக்கம் தீபகற்பத்தின் தித்திவாங்சா மலைத்தொடர். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ரியாவ் பகுதிப் புகை முதலில் சிலாங்கூரையும் கோலாலம்பூரையும் சூழும். காற்று சற்றே திசை மாறி வடக்கே தள்ளினால் அதே புகை சந்து வழியாக ஏறி பேராக், பினாங்கு, கெடா என்று வந்து சேரும். ஆகவே தலைநகரம் மூச்சு விடும்போது பினாங்கு இருமத் தொடங்குவதும் உண்டு.

அந்த 1997

அதற்கு முன்பும் 1983, 1991, 1994 ஆகிய ஆண்டுகளில் புகை வந்து போனது. 1997ல் வந்தது வேறு வகை. செப்டம்பர் 19ஆம் தேதி சரவாக்கில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 23ஆம் தேதி கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 839ஐத் தொட்டது. 100க்கு மேல் போனாலே உடலுக்கு ஆகாது, 300க்கு மேல் அபாயம் என்று வகுத்திருக்கும் அட்டவணையில் 839 என்ற எண்ணுக்கு வைக்கப் பெயரே இல்லை.

செப்டம்பர் 26ஆம் தேதி பினாங்குக்கு நேர் எதிரே மேடானில் இறங்க வந்த கருடா விமானம் மலையில் மோதி, அதிலிருந்த 234 பேரும் இறந்தார்கள். இடப்பக்கமா வலப்பக்கமா என்று விமானிக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் இடையே குழப்பம். முன்னால் இருந்த மலை புகையில் தெரியவில்லை. அதே நாட்களில் நீரிணையில், போர்ட் டிக்சனுக்கு அப்பால், ஐ.சி.எல். விக்ரமன் என்ற இந்தியச் சரக்குக் கப்பல் மற்றொரு கப்பலோடு மோதி மூழ்கியது. 29 மாலுமிகள் கரை திரும்பவில்லை. பினாங்கும் மேடானும் 1984 முதல் சகோதர நகரங்கள். அக்கரை உறவு நெருக்கம்தான். அந்த மாதம் இரு நகரங்களும் பங்கிட்டுக் கொண்டது ஒரே புகையை.

மலேசியா ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்களை இந்தோனேசியாவுக்கு அனுப்பியது. சுகார்த்தோ அண்டை நாடுகளிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த ஒரு பருவத்தில் மலேசியாவுக்கு மட்டும் சுமார் 80 கோடி ரிங்கிட் இழப்பு என்று பின்னர் பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். உற்பத்தி நின்றது, பயணிகள் வராதது, மருத்துவச் செலவு எல்லாம் அதில் அடக்கம். பினாங்கு போன்ற ஊருக்குப் பயணிகள் வராதது எப்படிப்பட்ட அடி என்று பத்து ஃபெரிங்கி கடற்கரை ஓட்டல்களில் வேலை செய்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்த அடி விழுந்த இடத்திலிருந்துதான் அடுத்த கதை கிளம்புகிறது.

பூசணிக்காயும் சோறும்

1997 நவம்பரில், பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் புகைமூட்டம் பற்றிப் பொதுவில் பேசக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. காற்றை ஆராயத் தெரிந்தவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. பினாங்கின் அறிவியல் பல்கலைக்கழகமும் இதற்கு விலக்கல்ல. அதன் பிறகு காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடே அதிகாரப்பூர்வ ரகசியங்கள் சட்டத்தின் கீழ்ப் போனது. எண்ணைப் பார்த்தால் வெளிநாட்டுப் பயணிகள் பயந்து விடுவார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம்.

மலையையே மறைக்கும் புகையை ஒரு கோப்புக்குள் மறைக்க நினைத்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று இதைத்தான் சொல்வார்கள். கருவிகள் ஓயாமல் அளந்து கொண்டுதான் இருந்தன. அதற்கான செலவும் மக்கள் பணம்தான். அளந்த கணக்கு மட்டும் மக்களுக்கு இல்லை. நுரையீரல் நோயுள்ள பெரியவர் காலை நடைக்குப் போகலாமா, கர்ப்பிணிப் பெண் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகலாமா, திடல் போட்டி நடத்தலாமா என்று முடிவு செய்யத் தேவையானது அந்த எண் ஒன்றுதான். அதுவும் ராணுவ ரகசியம் போலப் பூட்டி வைக்கப்பட்டது. இவ்வளவுக்கும் அருகிலேயே சிங்கப்பூர் தன் எண்ணை வெளியிட்டுக் கொண்டே இருந்தது. அங்கே பயணிகள் கூட்டம் ஒன்றும் ஓய்ந்துவிடவில்லை.

2005 ஆகஸ்டில் புகை மீண்டும் திரண்டது. கிள்ளான் பள்ளத்தாக்கில் மூச்சு விட முடியாத நிலை. எண்ணைச் சொல்லுங்கள் என்று எதிர்க்கட்சிகளும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் பத்திரிகைகளும் நெருக்கின. அன்றைய பிரதமர் அப்துல்லா அகமட் படாவி பினாங்கின் பாயான் லெப்பாசில் பிறந்தவர், கெப்பாளா பத்தாஸ் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். அவரது அரசு ஆகஸ்டு 10ஆம் தேதி ரகசியத்தை நீக்கியது. மறுநாளே போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் குறியீடு 500ஐத் தாண்டியதால் அவசரகாலம் அறிவிக்க வேண்டி வந்தது. ஒரு நாள் தாமதித்திருந்தால் ரகசியமான ஓர் எண்ணுக்காக அவசரகாலம் அறிவித்த விசித்திரம் நடந்திருக்கும். பிறகு காற்று திரும்பி அந்தப் புகை பினாங்கு, கெடா வழியாகத் தென் தாய்லாந்து வரை போனது. பினாங்கு மக்கள் அதைக் கணக்கோடு எதிர்கொள்ள முடிந்தது.

எண் வெளியே வந்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அந்தக் குறியீடு 2018 வரை பெரிய தூசுகளையே முக்கியமாகக் கணக்கிட்டது. தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்கே உள்ள, நுரையீரலின் அடிவரை போய் ரத்தத்திலும் கலக்கக்கூடிய நுண்துகள்கள் அந்த ஆண்டில்தான் கணக்கில் சேர்ந்தன. சதுப்புப் புகையில் மிகுந்திருப்பதோ அந்த நுண்துகள்தான். அதோடு, குறியீடு 24 மணி நேரச் சராசரி. காலையில் புகை திரண்டு வந்தால் அன்று காலை எண்ணில் நேற்றைய நல்ல காற்றும் கலந்திருக்கும். மலை மறைந்துவிட்டது, எண் இன்னும் சுமார் என்கிறதே என்று ஜார்ஜ்டவுன்வாசிகள் குழம்பியதற்கு விளக்கம் இதுவே. அந்த விஷயத்தில் கொடிமலையே கொஞ்சம் முந்திச் சொல்லும் கருவி.

கடைவீட்டு முற்றம்

ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளை 2008ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றுக் கொண்டது. நீண்டு ஒடுங்கிய அந்த வீடுகளின் நடுவே வானம் பார்த்த முற்றம் இருக்கும். சன்னல்களில் மரப்பலகைச் சட்டங்கள். மூடினாலும் காற்று வரும். மின்விசிறி இல்லாத காலத்தில் வெக்கையை வெல்லக் கண்டுபிடித்த அருமையான ஏற்பாடு அது. புகைமூட்டம் வந்தால் அந்த அருமையே வினையாகிறது. கதவைச் சாத்திக் கொண்டு உள்ளே இருங்கள் என்று சுகாதார இலாகா சொல்லும். சாத்துவதற்கு முற்றத்துக்குக் கதவு ஏது? இந்த வீடுகளைக் கட்டியவர்கள் காற்றை எதிரியாக நினைத்துப் பார்த்ததே இல்லை.

தீவின் தெற்கே பாயான் லெப்பாசில் வேறொரு காட்சி. 1972 முதல் அங்கே மின்னணுத் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. கணினிச் சில்லு செய்யும் அறைகளில் காற்றைப் பலமுறை வடிகட்டி, தூசியை எண்ணி எண்ணிப் பார்ப்பார்கள். ஒரு துகள் விழுந்தாலும் சில்லு கெட்டுவிடும். வேலை முடிந்து வாசலுக்கு வரும் பெண்ணுக்காக அந்தக் காற்று வெளியே வருவதில்லை.

சாலையோரம் மீ கோரெங் வறுப்பவர், கட்டுமானத் தொழிலாளி, வலை வீசப் போகும் மீனவர், திரிஷா மிதிப்பவர் ஆகியோருக்கு வீட்டிலிருப்பது என்றால் அன்றைய வருமானம் இல்லை. சாதாரணத் துணி முகமூடியும் அறுவைச் சிகிச்சை முகமூடியும் இந்த நுண்துகளைப் பெரிதாகத் தடுப்பதில்லை. முகத்தில் இறுக்கமாகப் படியும் என்-95 வகைதான் தடுக்கும். அதைப் போட்டுக் கொண்டு வெயிலில் நாள் முழுக்க அடுப்படியில் நிற்பது எப்படி என்று யாரும் சொல்வதில்லை.

2015ல் புகை அக்டோபர் வரை நீடித்தது. நவராத்திரி முழுக்கப் புகைக்குள்ளேயே வந்து போனது. இந்தோனேசியாவில் அந்த ஆண்டு எரிந்தது 26 லட்சம் ஹெக்டர், இழப்பு 1,600 கோடி அமெரிக்க டாலர் என்று உலக வங்கி கணக்கிட்டது. அந்தப் புகையால் மூன்று நாடுகளிலும் சுமார் ஒரு லட்சம் பேர், அவர்களில் மலேசியாவில் 6,500 பேர், ஆயுள் முடியுமுன் இறந்திருக்கலாம் என்று அமெரிக்காவின் ஹார்வர்ட், கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மறு ஆண்டில் மதிப்பிட்டார்கள். இது கணினி மாதிரியில் போட்ட கணக்கு. இந்தோனேசிய அரசு இதை ஏற்கவில்லை. ஆனால் லண்டனில் 1952 டிசம்பரில் ஐந்து நாள் புகைப்பனியில் 4,000 பேர் இறந்தார்கள் என்று முதலில் சொன்னதும், பின்னாளைய ஆய்வுகள் அதை 12,000 வரை உயர்த்தியதும் இங்கே நினைவுக்கு வரும். புகையால் இறந்தவரின் மரணச் சான்றிதழில் புகை என்று எழுதுவதில்லை. மாரடைப்பு என்றோ மூச்சுத் திணறல் என்றோதான் எழுதுவார்கள்.

யார் கொளுத்தியது?

2002 ஜூன் 10ஆம் தேதி ஆசியான் நாடுகள் எல்லை தாண்டும் புகைமூட்டத்திற்கு எதிரான ஒப்பந்தத்தில் கோலாலம்பூரில் கையெழுத்திட்டன. இந்தோனேசிய நாடாளுமன்றம் அதை ஏற்றுக் கொள்ள 2014 வரை ஆனது. 2015ல் அந்நாட்டின் துணை அதிபர் யூசுப் கல்லா, பதினொரு மாதம் நல்ல காற்றை அனுபவித்ததற்கு அண்டை நாட்டார் நன்றி சொன்னதில்லையே என்று கேட்டார். கேட்பதற்குக் கோபம் வரும்தான். ஆனால் இந்தப் பக்கத்துக் கையும் முழுக்கச் சுத்தமில்லை.

மலேசியத் தோட்ட நிறுவனங்கள் எரிக்காமலேயே செம்பனையை மறுநடவு செய்யும் முறையை 1980களின் பிற்பகுதியிலேயே நடைமுறைக்குக் கொண்டு வந்துவிட்டன. பழைய மரத்தைத் துண்டாக்கி நிலத்திலேயே மக்க விடுவது அது. 1998ல் திறந்தவெளியில் எரிப்பதற்கு 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். உள்நாட்டில் இவ்வளவு கட்டுப்பாடு. கடல் தாண்டினால்? 2019 செப்டம்பரில் பினாங்கில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்ட அதே மாதத்தில், தீப்பிடித்த நிலங்களுக்காக இந்தோனேசிய அரசு முத்திரை வைத்த தோட்டங்களில் மலேசியத் தொடர்புடைய நிறுவனங்களின் தோட்டங்களும் இருந்தன. வெளிநாட்டில் எரித்து உள்நாட்டுக்குப் புகை அனுப்பும் நிறுவனத்தைத் தண்டிக்கச் சிங்கப்பூர் 2014லேயே சட்டம் போட்டது. மலேசியாவும் அப்படியொரு சட்டம் கொண்டு வரப்போவதாக 2019ல் அறிவித்தது. ஆட்சி மாறியது. 2020ல் அந்த முயற்சி கைவிடப்பட்டது.

எல்லாப் புகையும் கடல் தாண்டி வருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கெடாவிலும் செபராங் பிறையிலும் அறுப்புக்குப் பின் வைக்கோலைக் கொளுத்தும் பழக்கம் உண்டு. பிறைத் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளும் பாலத்தில் நெரியும் வாகனங்களும் ஆண்டு முழுக்க இருக்கின்றன. 2022 ஜனவரியில் நிபோங் திபால் அருகே பூலாவ் பூரோங் குப்பைமேடு தீப்பிடித்தது. அது பினாங்கு மாநிலம் முழுவதும் கொட்டிய குப்பை. புகையும் நாற்றமும் தாங்காமல் பக்கத்துக் குடியிருப்புகளில் இருந்தவர்கள் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். மேலே அணைத்தாலும் சதுப்பு மண்ணைப் போலவே உள்ளே கனிந்து கொண்டிருந்ததால், தீயணைப்பு வீரர்கள் நாள்கணக்கில் அங்கேயே நிற்க வேண்டியிருந்தது. அது ஜனவரி மாதம். காற்று சுமத்ரா பக்கமிருந்து வீசவே இல்லை.